மாலை போட்ட கிடாயும் என் சைவ மகனும்

மகன்,

நான் நலம். உன் நலம் அறிய ஆவல் என்று எழுதத்தான் கை போனது. ஆனால் போன கிழமை ரெலிபோனில் நீ கத்திய கத்தலைக் கேட்டபிறகு, உன் தொண்டையும் நெஞ்சும் நல்ல சுகத்தோடு இருப்பது தெரிந்துவிட்டது. "உங்களாலதான் அம்மா என்ர கலியாணம் குழம்பிப் போச்சு. உங்களை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனதுதான் நான் செய்த பிழை" என்றாய். நான் வாய் திறக்குமுன் வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே கதைக்க முடியாது.

கலியாணம் செய்யப்போகிற பிள்ளைக்குத் தாய்மார் எப்படி எழுதுவார்கள் என்று எனக்கும் தெரியும். கண்ணீரில் மை கலங்கும். நான் உன்னை அப்படி வளர்த்திருக்க வேண்டும், இப்படி வளர்த்திருக்க வேண்டும், என் பிழைகளை மன்னித்துவிடு என்று வரும். என் பிழைகளை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம், அவை எங்கேயும் ஓடிப்போகாது. இன்றைக்கு உன்னுடையதைப் பார்ப்போம்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் ஓல்டனிலிருந்து வந்து, எங்கள் சோபாவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "அம்மா, பார்பராவின்ர அப்பா உங்களைக் காண ஆசைப்படுறார். மலையில மூண்டு நாள் நடப்பம். ஆடுகளும் வருகுது" என்றாய். "ஆடு எதுக்கடா?" என்று கேட்டேன். "சாமான் சுமக்க" என்றாய். குசினிக்குள் நின்ற உன் அப்பா சிரித்த சிரிப்பில் தேத்தண்ணீர் சிந்தியது. இந்த நாட்டில் மலையின் வயிற்றைக் குடைந்து உச்சிவரைக்கும் ரயில் போட்டு வைத்திருக்கிறார்கள். ரயில் ஏறாத இடத்துக்குக் கம்பியில் பெட்டி தொங்குகிறது. இவ்வளவையும் கட்டி முடித்துவிட்டு, லீவு நாள் வந்தால் ஆட்டின் முதுகில் சட்டிபானையைக் கட்டிக்கொண்டு கால்நடையாக ஏறுகிறார்கள். நாங்கள் இடம்பெயர்ந்து சட்டிபானையோடு நடந்த காலத்தில் அதை யாரும் பொழுதுபோக்கு என்று சொல்லவில்லை. உன் அப்பா தன் முழங்காலைக் காட்டித் தப்பிவிட்டார். அந்த முழங்கால் அவருக்கு விருப்பமில்லாத இடங்களுக்குப் போகச் சொன்னால் மட்டும்தான் நோகும். ஆனால் என் மகன் கட்டப்போகிற பெண்ணின் தகப்பன் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார், சம்பந்தி என்ற மரியாதை இருக்கிறது என்று நான் வெளிக்கிட்டேன்.

சம்பந்தி வீட்டாரோடு போகும்போது வெறுங்கையோடு போகலாமா? வெள்ளிக்கிழமை புறப்படுகிறோம், அன்றைக்கு எப்படியும் சைவம்தான். புரட்டாசிச் சனியும் முடிந்துவிட்டது. ஆகவே சனிக்கிழமை மத்தியானத்துக்கு என்று, வியாழன் பின்னேரம் வேலையால் வந்த கையோடு, இரண்டு கிலோ ஆட்டிறைச்சி வாங்கி, பெருஞ்சீரகம் வறுத்து இடித்துப் போட்டு, தண்ணீர் வற்ற வற்றப் பிரட்டி ஒரு பெரிய தகரப் பெட்டியில் அடைத்தேன். அடிவாரத்தில், பார்பராவின் தகப்பன் ரூடியின் கார் நிற்கிற இடத்தில், அந்தப் பெட்டியைக் கண்டதும் உன் முகம் போன போக்கு! அவர் ஆடுகளுக்குச் சேணம் கட்டிக்கொண்டிருந்தார். நீ அவசரமாகப் பெட்டியை உன் ஜக்கெற்றால் சுற்றினாய். "அம்மா, ஆட்டின்ர முதுகில ஆட்டிறைச்சியை ஏத்தலாமோ? பாவமெல்லோ?" என்று காதுக்குள் கேட்டாய். அதில் ஒரு ஞாயம் இருப்பதாக எனக்கும் பட்டது. நீ அதைக் காரின் பின்சீற்றுக்குக் கீழே தள்ளிவிட்டாய். என் பிள்ளைக்கு இப்படியொரு இளகிய மனம் வந்ததே என்று நான் உள்ளூரப் பெருமைகூடப் பட்டேன். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை.

ஐந்து கிடாய்கள். விதை எடுத்து நலமடித்தவை, கன்றுக்குட்டி உயரம். ஒவ்வொன்றின் முதுகிலும் மரச்சேணம், இரண்டு பக்கமும் பொதி. என் பொதியைச் சுமந்தவனுக்குப் புருனோ என்று பெயர். நான் நின்றால் அவனும் நின்றான், என் சேலைத் தலைப்பை மென்றான், ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் திரும்பிப் பார்த்தான். அந்த மூன்று நாளும் என்னைத் திரும்பிப் பார்த்த ஆண்பிள்ளை அவன் ஒருவன்தான். நீ முன்னால் போய்க்கொண்டிருந்தாய், இரண்டு கையிலும் இரண்டு தடி ஊன்றிக்கொண்டு. பனியே இல்லாத மலையில் பனிச்சறுக்குத் தடி எதற்கு என்று நான் கேட்கவில்லை. மூன்று வருடங்களுக்கு முன் ஓஸ்டர்முண்டிகனில் எங்கள் வீட்டிலிருந்து கடைக்குப் போகவே பஸ் பார்த்துக்கொண்டு நின்றவன், "இந்தக் காற்று, இந்த அமைதி" என்று ஜெர்மன் பாஷையில் பெருமூச்சு விட்டாய். மரங்களெல்லாம் மஞ்சளாக நின்றன, வடிவுதான், இல்லை என்று சொல்லவில்லை. என் காலில் இருந்தது பார்பராவின் அம்மாவின் சப்பாத்து. அவர் இறந்து நாலைந்து வருடமாம். நல்ல காரியம் பேசப் போகிற இடத்தில் செத்தவரின் சப்பாத்தைப் போட்டு நடந்தேன், அதையும் உனக்காகத்தான் செய்தேன்.

சாப்பாட்டைச் சொல்லவேண்டும். வெள்ளி மத்தியானம் ரொட்டிப்பாணும் சீஸும். இரவு அந்த மலைக்குடிசையில் சீஸை உருக்கிப் பாணைத் தோய்த்தார்கள். சனி காலை சீஸ். மத்தியானம் மறுபடியும் பாணும் சீஸும். இவர்கள் சம்பந்தியைப் பார்க்க வந்தார்களா, எலி பிடிக்க வந்தார்களா என்று நினைத்துக்கொண்டு, கால் கழுவ ஓடைப்பக்கம் போனேன். அங்கே ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் ரூடி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தார். கையில் கத்தி. காய்ந்த சொசேஜ் ஒன்றைத் துண்டு துண்டாக வெட்டி அவசர அவசரமாக விழுங்கிக்கொண்டிருந்தார். புருனோ பக்கத்தில் நின்று பார்த்தான். நான் சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டேன். விருந்தாளிக்குச் சீஸைக் கொடுத்துவிட்டுத் தான் ஒளித்து இறைச்சி தின்கிற மனிசன்! இந்தத் தனியத்தின்னியின் வீட்டிலா என் பிள்ளை பெண் எடுக்கிறான் என்று நினைத்தேன். அன்று முழுக்க நான் அவரோடு கதைக்கவில்லை. அவர் என்னைக் கண்டபோதெல்லாம் குற்றம் செய்தவர்போல வாயைத் துடைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கினோம். ஊர் தெரிகிற இடத்தில் ரூடி ஆடுகளை நிறுத்தினார். பொதிகளை இறக்கினார். ஒவ்வொரு கிடாயின் முகத்தையும் ஈரத்துணியால் துடைத்தார். பார்பரா ஒரு பையிலிருந்து பூக்களை எடுத்தாள். ஊசியிலைக் கொப்பும் சிவப்பும் மஞ்சளுமாகப் பெரிய பூக்களும் வைத்துக் கட்டிய மாலைகள். கழுத்தில் மாலை, கொம்பில் பூ, பெரிய மணி. கீழே ஊரில் ஆரோ வாத்தியம் வாசிக்கிற சத்தமும் கேட்டது.

மகன், நீ சின்னவனாக ஊரைவிட்டு வெளிக்கிட்டதால் மறந்திருப்பாய். எங்கள் பக்கத்தில் வைரவருக்கு வேள்வி என்றால் கிடாயை எப்படி வளர்ப்பார்கள்? பலாக்குழை கொடுத்து, குளிப்பாட்டி, பிள்ளைபோலப் பார்த்து, அந்த நாள் வந்ததும் மாலை போட்டு, மேளத்தோடு கொண்டுபோவார்கள். பிறகு வெட்டிப் பங்கு போடுவார்கள். முந்திச் சொல்லி வைத்தவருக்கு நல்ல பங்கு கிடைக்கும். முகம் கழுவி மாலை போட்ட கிடாயைப் பார்த்து "இது வீட்டுக்குத் திரும்பி வரும்" என்று நினைக்கிற யாழ்ப்பாணத்து மனிசி இன்னும் பிறக்கவில்லை. எனக்கு அந்த நேரத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. ஏன் மூன்று நாள் நடந்தோம், ஏன் விரதம்போலச் சீஸ் தின்றோம், ஏன் ஆட்டிறைச்சிப் பெட்டி மேலே வரக்கூடாது. அட, இவர்களுக்கும் ஒரு நேர்த்திக்கடன் இருக்கிறது, நான்தான் தெரியாமல் நையாண்டி பண்ணிவிட்டேன் என்று மனம் குளிர்ந்தது. அந்த மூன்று நாளில் முதல் தடவையாக எனக்கு ரூடியில் மரியாதை வந்தது. நேரே அவரிடம் போய், எனக்குத் தெரிந்த ஜெர்மனில், மரியாதையாகவே கேட்டேன்: "ரூடி, இதில எதை வெட்டுறீங்கள்? எனக்குப் பின்தொடையில ஒரு பங்கு வேணும். புருனோ எண்டால் வேண்டாம், அவனை நான் தின்னமாட்டன்."

பார்பராவின் கையிலிருந்த மாலை அப்படியே நின்றது. ரூடி ஈரத்துணியோடு நிமிர்ந்தார். அப்போது நீ பாய்ந்து வந்தாய். என் தோளில் கையைப் போட்டு, நோயாளியைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு, அவர்களிடம் ஜெர்மனில் விறுவிறுவென்று சொன்னாய். எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக யாரும் இறைச்சி தொட்டதில்லையாம். ஊரில் நடந்த சண்டையால் அம்மாவின் தலை குழம்பிப் போயிருக்கிறதாம். சிலவேளைகளில் இப்படித்தான் சம்பந்தமில்லாமல் கதைப்பாராம், கவனிக்க வேண்டாமாம்.

பன்னிரண்டு வருடமாக ஆஸ்பத்திரிக் குசினியில் நிற்கிறேன். காலையில் வந்ததும் போகும்வரைக்கும் காதில் விழுவது அந்தப் பாஷைதான். நீ பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் அரசாங்கக் கந்தோர்களுக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போவேன், நீ மொழிபெயர்ப்பாய். முதல் வருடம் எனக்கு உண்மையிலேயே பாஷை தெரியாது. அதற்குப் பிறகு தெரியும். தெரிந்தும் உன்னைக் கூட்டிப்போனேன், மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிற பெரிய மனிதரோடு என் பிள்ளை நிமிர்ந்து நின்று கதைப்பதைப் பார்க்க எனக்கு ஆசை. அந்த ஆசைக்கு நல்ல கூலி கொடுத்தாய். சண்டையில் எனக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். அதைப்பற்றி நான் ஆரிடமும் சொல்லி அழுததில்லை. ஓம், சிலவேளை நித்திரை வராது, அவ்வளவுதான். என் தலை நன்றாகத்தான் இருக்கிறது. அந்தத் தலையை நீ ஒரு ஆட்டுத்தொடைக் கதையை மறைக்க விலையாகக் கொடுத்தாய். எனக்கு நெஞ்சு எரிந்தது மகன், இன்றைக்கும் எரிகிறது.

ரூடி உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு உன்னை விலக்கிவிட்டு என்னிடமே கேட்டார்: "நீங்கள் இறைச்சி சாப்பிடுவீங்களோ?" நான் சொன்னேன்: "ஆடு, கோழி, மீன், கணவாய், நண்டு எல்லாம். வெள்ளியும் செவ்வாயும் மட்டும் இல்லை." அவர் இறக்கி வைத்திருந்த பொதிக்குள் கையை விட்டார். அந்தக் காய்ந்த சொசேஜை எடுத்தார். முறித்து ஒரு பாதியை என்னிடம் நீட்டினார். "மூண்டு நாளா உங்களுக்காகத்தான் ஒளிச்சுத் தின்னுறன். உங்களுக்கு முன்னால இறைச்சி எடுத்தால் அவமரியாதை எண்டு உங்கட மகன் சொன்னவர்" என்றார். அப்போதுதான் அவர் ஏன் வாயைத் துடைத்தார் என்று எனக்கு விளங்கியது. உன்னுடைய பொய்க்காக ஒரு வயதான மனிசன் தன் சொந்த மலையில் பாறைக்குப் பின்னால் குந்தியிருந்து சாப்பிட்டிருக்கிறார். நானோ அவரைத் தனியத்தின்னி என்று வைதுகொண்டிருந்தேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரு கல்லில் இருந்து அதைச் சாப்பிட்டோம். உப்பு அதிகம், ஆனால் பரவாயில்லை. இந்தக் கிடாய்களை வெட்டுவதில்லையாம். கோடை முழுக்க மலையில் நின்ற ஆடுமாடுகளைப் பூ வைத்துக் கீழே இறக்குவது அவர்கள் வழக்கமாம், அந்த ஊர்வலத்தில் இந்தச் சுமைக் கிடாய்களும் சேருமாம். "இவங்கள் வேலைக்காரர். வேலை செய்யிறவனை வெட்டிறேல்லை. வெட்டுறது கிழட்டு ஆடுகளைத்தான், அதுவும் பனி விழ முன்னம்" என்றார். பார்பரா உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "வேற என்ன பொய்?" என்று கேட்டாள். நீ நிலத்தைப் பார்த்தாய். ஆடுகளை ஊருக்குள் ஓட்டிச் சேர்த்ததும் அவள் தகப்பனோடு காரில் ஏறிப் போய்விட்டாள்.

நாங்கள் ரயிலில் வந்தோம். நீ எனக்குப் பக்கத்தில் இருக்கவில்லை, புகைபிடிக்கிற பெட்டியில் போய் இருந்தாய். உனக்குப் புகைபிடிக்கிற பழக்கமும் இல்லை.

கலியாணத்தைக் குழப்பியது நான் என்கிறாயே, அதற்குப் பிறகு நடந்ததையும் கேள். இரண்டு கிழமை கழித்து பார்பரா தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் என் தகரப் பெட்டி. காரின் சீற்றுக்குக் கீழே ரூடி கண்டெடுத்திருக்கிறார், குளிருக்குக் கெட்டிருக்கவில்லையாம், அன்றிரவே முழுவதையும் சாப்பிட்டு முடித்துவிட்டாராம். வாய் எரிந்து கண்ணீர் வந்ததாம், ஆனாலும் நிறுத்தவில்லையாம். பெட்டியைக் கழுவித் துடைத்து உள்ளே அப்பிள் நிரப்பி அனுப்பியிருந்தார். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்று அந்த மனிசனுக்கு ஆர் சொல்லிக் கொடுத்தது? நான் சாப்பாடு கட்டித் தந்து நீ திருப்பிக் கொண்டுவருகிற பிளாஸ்டிக் டப்பாக்கள் நாறும்.

குசினி மேசையில் இருந்துகொண்டு அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். உங்கள் வீட்டார் கோயில் பூசகர் பரம்பரையா? இல்லைப் பிள்ளை, தோட்டக்காரர். அப்பா விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பித் தேவாரம் பாடுவாரா? எழும்புவார், பேக்கரி வேலைக்கு. பாடச் சொன்னால் அக்கம்பக்கத்தார் பொலிசைக் கூப்பிடுவார்கள். வீட்டில் யோகாசனம்? சுவரில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்த உன் அப்பாவைக் காட்டினேன். நீங்கள் இரண்டு பேரும் வேலை செய்கிற இடத்துக் கன்ரீனில் ஒரு வெள்ளிக்கிழமை நீ மரக்கறி மட்டும் எடுத்ததைக் கண்டு "நீ சைவமா?" என்று அவள்தான் கேட்டாளாம். வியப்போடு கேட்டாளாம். அந்த வியப்பில் மயங்கி நீ ஓம் என்றிருக்கிறாய். "வெள்ளிக்கிழமைகளில் மட்டும்" என்று இன்னும் இரண்டு சொல்லு சேர்த்திருந்தால் முடிந்துபோன கதை. ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்துக் கடைசியில் பெற்ற தாயைக் கடிக்கிறவரைக்கும் கொண்டுவந்தாய். ஆட்டு எலும்பைத் தட்டில் தட்டித் தட்டி உறிஞ்சிவிட்டு, உன் அப்பாவின் தட்டிலிருந்ததையும் களவெடுத்தவன் நீ. உன்னைப் புளுகாமல் உள்ளபடி காட்டினால் போதாதென்று உனக்கு ஆர் சொன்னது? நாங்கள் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

கடைசியாக அவள் ஒரு அப்பிளை எடுத்து மேசையில் உருட்டினாள். பிறகு கேட்டாள்: "அவன் சின்னனில நீங்கள் அவனை முதுகில கட்டிக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்க நடந்தனீங்கள் எண்டு சொன்னவன். குண்டு விழுந்த அண்டைக்கு. அதுவும் பொய்யோ?" நான் அடுப்பைப் பார்த்தேன். "அது உண்மை" என்றேன். அவளைச் சந்தித்த புதிதில், வேறு எதையும் சொல்லுமுன், நீ அதைத்தான் சொன்னாயாம். சொல்லும்போது அழுதாயாம். எனக்கு அது தெரியாது. எனக்கு நீ அதைப் பற்றி ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. "பாரமா இருந்தவனோ?" என்று கேட்டாள். "அப்ப இல்லை" என்றேன். அவள் சிரித்தாள், உடனே கண்ணைத் துடைத்தாள்.

நீ நினைக்கிறதுபோல அவள் கலியாணத்தை நிறுத்தவில்லை. எந்த ஆளைக் கட்டப்போகிறேன் என்று தெரிந்தபிறகு கட்டலாம் என்று இருக்கிறாள். அந்த ஆள் ஓல்டனில் ரெலிபோனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு தாயைத் திட்டுகிறார். வில் நகரத்தில் இருக்கிற உன் சித்தி, உன் கலியாணத்தில் தோழியாக நிற்க என்று வாங்கிய பட்டுச் சேலையைத் தைத்த பிளவுஸோடு அலுமாரியில் தூக்கிவைத்துவிட்டு, "என்னக்கா, ஆட்டாலையோ குழம்பினது?" என்று கேட்கிறாள். ஓம் ஆட்டால்தான், மாலை போடாத ஒரு ஆட்டால் என்று சொல்லியிருக்கிறேன்.

இனி விசயத்துக்கு வருகிறேன். பனி விழ முன்னமே ரூடி தன் கிழட்டு ஆட்டை வெட்டிவைத்திருக்கிறார். வருகிற ஞாயிறு பின்தொடையோடு அவரும் பார்பராவும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். என் கையால் சமைப்பதைப் பார்க்கவேண்டுமாம். கந்தசஷ்டியும் முடிந்துவிட்டது, உனக்குச் சாட்டுச் சொல்ல இடமில்லை. மத்தியானத்துக்கு முன்னம் வா. அவர்கள் இரண்டு பேருக்கும் முன்னால், மலையில் என்னைப்பற்றி ஜெர்மனில் சொன்னதை ஜெர்மனிலேயே திருத்திச் சொல். எனக்கு மொழிபெயர்க்கத் தேவையில்லை. சொன்னாயானால் எலும்போடு நல்ல துண்டாகப் பார்த்து உன் தட்டில் நானே போடுவேன். சொல்ல வாய் வராவிட்டாலும் வா. உனக்கென்று பருப்பும் கீரையும் புறம்பாகச் சமைத்து வைக்கிறேன். எங்கள் வீட்டுக்கு வந்த சைவக்காரரை நாங்கள் ஒருநாளும் பட்டினி போட்டதில்லை.

அம்மா